மனச்சோர்வு ஆரம்பிக்கிற மாதிரி இருந்தால்: முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு வழிகாட்டி

மனச்சோர்வு பெரும்பாலும் ஒரே ராத்திரியில் வந்து விழுவதில்லை. சில நாட்களோ சில வாரங்களோ எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் பிடிக்கும். அந்த இடைவெளியில் உங்களிடம் இன்னும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கும்: ஒரு போன் பேச, ஒரு தாளில் நாலு வரி எழுத, மருத்துவரிடம் நேரம் வாங்க. முழுசாகப் பிடித்துவிட்டால் இதே வேலைகள் மலையாகத் தெரியும். அதனால் இங்கே ஆரம்ப நாட்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதல் தடவையாக இதைச் சந்திப்பவர்களுக்கும், ஒருமுறை வந்து போய் "மறுபடி வருதோ" என்று பயந்துகொண்டிருப்பவர்களுக்கும் இது. எனக்கும் இது வந்து போகிற ஒன்றுதான், ஆனால் நான் மருத்துவர் இல்லை.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் இப்போதே இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். பக்கத்தில் இருக்கிற ஒருவரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் இந்தியாவில் 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்), இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனில் 116 123. இவை எந்த நேரமும் எடுக்கப்படும். 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

எது வேண்டும் எது வேண்டாம் என்று தீர்மானிக்கிற இடத்தையே இந்த நோய் கெடுத்துவிடும். "யாரையும் பார்க்க வேண்டாம்", "படுத்தே கிட", "டாக்டரெல்லாம் எதற்கு" என்று உள்ளே ஒரு குரல் சொல்லும்போது அது உங்கள் சொந்த முடிவு போலவே இருக்கும். ஆகவே இந்த நாட்களில் மனசைக் கேட்டு நடக்க வேண்டாம். தெளிவாக இருக்கிற நேரத்தில் எழுதிவைத்த ஒரு தாளையும், நீங்கள் நம்புகிற ஒரு ஆளையும் கேட்டு நடங்கள். கீழே வருவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

அதுதானா என்று பாருங்கள்

மருத்துவர்கள் பார்ப்பது ஒன்பது அறிகுறிகள். மனம் சோர்ந்தே இருப்பது, முன்பு பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல் போவது, தூக்கம் குறைவது அல்லது கூடுவது, பசியோ எடையோ மாறுவது, உடம்பு அசதி, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, கவனம் நிற்காதது, தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டே இருப்பது, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து, அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அந்த இரண்டு வாரக் கணக்கு நோய்க்குப் பெயர் வைக்கிற மருத்துவருக்கானது. ஐந்தாம் நாளே ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் அன்றைக்கே இந்த வேலைகளை ஆரம்பித்துவிடலாம், ஒன்றும் இல்லாமல் போனாலும் நஷ்டம் எதுவும் இல்லை.

ஆனால் ஆரம்பம் இந்தப் பட்டியல் மாதிரி தெளிவாக வராது. ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் இருக்கும். எனக்கு முதலில் கெடுவது தூக்கம். விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும், வந்ததும் பழைய தப்புகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இன்னொருவருக்கு மெசேஜ்களுக்குப் பதில் போடாமல் விடுவதில் ஆரம்பிக்கும், ஒருவருக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடுவதில், ஒருவருக்கு வீட்டில் யார் பேசினாலும் எரிச்சல் வருவதில். அழுகையே வராமல் கோபமும் சிடுசிடுப்புமாக வருவதும் உண்டு. அப்போது பக்கத்தில் இருப்பவர்கள் குணம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். தலைவலி, முதுகுவலி, வயிற்றுக் கோளாறு என்று உடம்பு வழியாகவும் வரும்.

சாதாரண வருத்தத்திலிருந்து பிரித்துப் பார்க்க நான் ஒன்றைக் கவனிப்பேன். ஒரு நல்ல செய்தி வந்தால், பிடித்த ஆள் வந்து பேசினால், மனம் கொஞ்சமாவது அசைகிறதா? துக்கத்தில் இருப்பவருக்கு அலை அலையாக வரும், நடுவில் ஒரு சிரிப்பும் வந்து போகும், தன் மேல் மதிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மனச்சோர்வில் நல்லதும் உள்ளே இறங்காது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது நாள் முழுக்க ஓடும்.

அளந்து பார்க்க வேண்டுமென்றால் பிஎச்கியூ-9 என்று ஒன்பது கேள்வி கொண்ட படிவம் இருக்கிறது, இலவசம், தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஒன்றுக்கு மட்டும் 1 விழுந்தாலே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தேதி போட்டுத் தாளைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் மருத்துவரிடம் காட்ட உதவும்.

ஒருவரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் போதும். புத்தி சொல்லாதவர், பதறாதவர், சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுபவர். மிக நெருங்கியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சில வீடுகளில் நெருங்கியவர்கள்தான் அதிகம் பயந்துபோவார்கள், அப்புறம் நீங்கள் அவர்களைத் தேற்றிக்கொண்டு இருக்க வேண்டியிருக்கும்.

என்ன சொல்வது என்பதில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறோம். இதை அப்படியே எடுத்து அனுப்பலாம்:

"கொஞ்ச நாளா மனசு சரியில்ல. டிப்ரஷன் ஆரம்பிக்குதோன்னு தோணுது. நீ எதையும் சரிபண்ண வேண்டாம். தினமும் சாயங்காலம் ஒரு தடவை கூப்பிடு, நான் எடுக்கலன்னா மறுபடியும் கூப்பிடு. டாக்டர்கிட்ட போகணும், கூட வருவியா?"

இதில் முக்கியமான இடம் "எடுக்கலன்னா மறுபடியும் கூப்பிடு". ஏனென்றால் நாலு நாள் கழித்து நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள். எடுக்காமல் இருப்பதற்கு நல்ல காரணமும் வைத்திருப்பீர்கள். என்ன உதவி வேண்டும் என்று குறிப்பாகக் கேட்பதும் அவருக்கு நிம்மதி, "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டு அவரும் தவித்துக்கொண்டிருக்க மாட்டார்.

நாட்களைச் சின்னதாக்குங்கள்

அடுத்த இரண்டு வாரத்து வேலைகளை எடுத்துப் பார்த்து, தள்ளிப்போடக்கூடியதையெல்லாம் இப்போதே தள்ளிப்போடுங்கள். வேலை செய்யும் இடத்துக்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "உடம்பு சரியில்லை, மருத்துவரைப் பார்க்கிறேன், இந்த வாரம் இதை மட்டும் முடித்துத் தருகிறேன், மற்றதற்கு அடுத்த வாரம் வரை நேரம் வேண்டும்" என்றால் போதும். மூச்சுவிடாமல் காணாமல் போவதைவிட இந்த இரண்டு வரி எவ்வளவோ மேல், பின்னால் திரும்பிப் போகிறபோது சங்கடம் குறையும்.

பெரிய முடிவுகள் எதுவும் இப்போது வேண்டாம். வேலையை விடுவது, உறவை முறிப்பது, படிப்பை நிறுத்துவது, எதையாவது விற்பது, எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி "தெளிந்த பிறகு பார்க்கலாம்" என்று தலைப்பிட்டு மடித்து வைத்துவிடுங்கள். அந்த முடிவு சரியானதாகவே இருக்கலாம், ஆனால் இரண்டு மாதம் கழித்தும் அது சரியாகத்தான் இருக்கும். ஆபத்தான இடத்தில், அடி உதை வாங்குகிற வீட்டில் இருப்பவருக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கிருந்து வெளியே வருவதைத் தள்ளிப்போடக் கூடாது.

எழும் நேரம்

தூங்கும் நேரம் நம் கையில் இல்லை, எழும் நேரத்தை ஓரளவு பிடித்து வைக்கலாம். ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாருங்கள், ஜன்னலோ மாடியோ வாசலோ, காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தை நேராக்கும். பகலில் படுத்தே ஆகவேண்டும் என்றால் அரை மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு படுங்கள். விடிகாலையில் விழிப்பு வந்து தூக்கம் போய்விட்டால் படுக்கையில் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பிப் போகலாம். அந்த நேரத்தில் தோன்றுகிற எந்தத் தீர்ப்பையும் நம்ப வேண்டாம். விடிந்து முகம் கழுவிய பிறகும் அது அப்படியே இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

மது வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் இதமாக இருக்கும், பின்ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் சோர்வைக் கூட்டும், தற்கொலை எண்ணம் இருப்பவருக்கு இருக்கிற தடையையும் எடுத்துவிடும்.

மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

இந்தப் பகுதியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சாதாரணமாக நமக்கு ஆசை வருகிறது, அப்புறம் செய்கிறோம். மனச்சோர்வில் அந்த ஆசை வருகிற வழி அடைபட்டுப் போகிறது. செய்யாததால் நல்லது எதுவும் நடப்பதில்லை, நல்லது நடக்காததால் மனம் இன்னும் இறங்குகிறது, இறங்கியதால் இன்னும் குறைவாகச் செய்கிறோம். 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சுழலை வைத்துத்தான் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். 1996-இல் நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரின் குழு, மனச்சோர்வுக்கான அறிதிறன் சிகிச்சையை (எண்ணங்களைச் சோதித்து மாற்றப் பழக்குகிற பேச்சு சிகிச்சை) பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, செயலில் இறங்க வைக்கிற பகுதியை மட்டும் தனியாகக் கொடுத்தாலே முழுச் சிகிச்சை அளவுக்குப் பலன் கிடைத்தது. ஆகவே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் செய்வது, மனசு பின்னால் வரும். உடனே வராது, கொஞ்சம்தான் வரும், ஆனாலும் வரும்.

எப்படிச் செய்வது? வேலையை வெட்கப்படுகிற அளவுக்குச் சின்னதாக வெட்டுங்கள். "குளிக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள், இன்றைக்கு அது பெரிய வேலை. "துண்டை எடுத்துக் குளியலறைக் கதவில் போடு" என்று எழுதுங்கள். அதைச் செய்ததும் அங்கேயே நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. முடிந்தால் அடுத்தது, குழாயைத் திற. அடுத்தது, கால் மட்டும் கழுவு. பல நாள் துண்டைப் போட்டவுடன் மிச்சமும் நடந்துவிடும். நடக்காத நாளில் துண்டு கதவில் தொங்கும், நாளைக்கு ஒரு படி குறைவு.

அப்புறம் ஒரு தாள். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் இரண்டு எண் போடுங்கள், 0 முதல் 10 வரை: செய்து முடித்த திருப்தி எவ்வளவு, பிடித்திருந்தது எவ்வளவு. ஒரு நாள் இப்படி இருக்கலாம்:

7:30 எழுந்து ஜன்னலைத் திறந்தேன். திருப்தி 4, பிடித்தது 0.
11:00 முதல் 1:00 வரை படுக்கையில் போன் பார்த்தேன். திருப்தி 0, பிடித்தது 1.
3:00 நண்பனுக்கு ஒரு மெசேஜ். திருப்தி 3, பிடித்தது 2.
5:30 தெருமுனை வரை நடை. போகும் முன் நினைத்தது 0. திருப்தி 5, பிடித்தது 2.

கடைசி வரியைப் பாருங்கள். போகும் முன் மனம் சொன்னது 0, நடந்தது 2. இந்த வித்தியாசத்தை நாலைந்து தடவை உங்கள் சொந்தக் கையெழுத்தில் பார்த்துவிட்டால், "போய் என்ன பிரயோஜனம்" என்ற குரலுக்குக் கொஞ்சம் பலம் குறையும். 2 என்பது சின்ன எண்தான், இந்த நாட்களில் அது நல்ல எண். பிடித்தது முழுக்க 0 வந்தாலும் பரவாயில்லை, திருப்தி கொடுக்கிற வேலை ஒன்று, உடம்பை அசைக்கிற வேலை ஒன்று, இன்னொரு மனிதரோடு தொடர்புடையது ஒன்று, தினமும் இந்த மூன்றும் இருந்தால் அந்த நாளுக்கு அது போதும். நடை பத்து நிமிஷம் போதும். உடற்பயிற்சி மிதமான மனச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, ஆனால் முதல் வாரமே ஓட்டம், ஜிம் என்று திட்டம் போட்டால் மூன்றாம் நாள் அதுவே இன்னொரு குற்றவுணர்ச்சியாகிவிடும்.

சாப்பாடும் இதே மாதிரிதான், பசிக்காகக் காத்திருக்காமல் நேரம் பார்த்துச் சாப்பிடுங்கள், கொஞ்சமாக இருந்தாலும் சரி.

ஒரே எண்ணம் சுற்றிச் சுற்றி வந்தால்

"எனக்கு மட்டும் ஏன் இப்படி", "அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தேன்" என்று மணிக்கணக்கில் யோசிப்பது பிரச்சினையைத் தீர்க்கிற வேலை போலத் தோன்றும். சூசன் நோலன்-ஹூக்ஸெமா என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார், இப்படி அசை போடுபவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் வருகிறது, நீண்டும் நிற்கிறது. ஒரு சோதனை: பத்து நிமிஷம் யோசித்த பிறகு, செய்யக்கூடிய ஒரு காரியமாவது கையில் கிடைத்ததா? கிடைத்தால் எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை என்றால் எழுந்து இடம் மாறுங்கள், கைக்கு வேலை கொடுங்கள். எண்ணத்தோடு வாதாடி ஜெயிக்க முயல வேண்டாம், இப்போது அதற்குத்தான் பலம் அதிகம்.

மருத்துவர்

சில நாட்களில் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தாலும் நேரத்தை இப்போதே வாங்கி வையுங்கள், சரியாகிவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம். மனநல மருத்துவர் கிடைக்காவிட்டால் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம் ஆரம்பிக்கலாம். உள்ளே போனதும் பாதி மறந்துவிடும், அதனால் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, தூக்கம், பசி, சாவு எண்ணம் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு இவையெல்லாம் இதே போலச் சோர்வைக் கொடுக்கும், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் மனநிலையை மாற்றும், ஆகவே ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். குழந்தை பெற்று ஓராண்டுக்குள் இருப்பவர் அதை அவசியம் சொல்ல வேண்டும். இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் அசாத்திய உற்சாகமாக, வேகமாகப் பேசிக்கொண்டு, பணத்தை இறைத்துக்கொண்டு இருந்த காலம் எப்போதாவது உண்டா? இருந்தால் அது இருதுருவக் கோளாறாக (பைபோலார்) இருக்கலாம், சிகிச்சையே வேறு. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுபக்கம், அந்த அசாத்திய உற்சாகத்துக்கு, தூக்கிவிடக்கூடும்.

மாத்திரை எழுதினால் அது வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். குமட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவுகள் மட்டும் முதல் வாரமே வந்துவிடும், அதனால்தான் நிறையப் பேர் "இது ஒத்துக்கல" என்று பாதியில் விடுகிறார்கள். அநேகமாக அவை சில நாட்களில் அடங்கும், அடங்காவிட்டால் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சில வாரம் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று பக்கத்தில் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், பின்பு படிப்படியாகக் குறைப்பார்கள். திடீரென விட்டால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரலாம். நோயும் திரும்ப வரலாம்.

மாத்திரை வேண்டாம் என்று தோன்றினால் பேச்சு சிகிச்சை உண்டு, லேசான மனச்சோர்வுக்கு அதுவே போதும் என்று பல மருத்துவர்களே சொல்வார்கள். கடுமையானதற்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது.

சாவு எண்ணம் வந்தால் என்ன செய்வது என்று முன்பே எழுதி வையுங்கள்

இப்போது அந்த எண்ணம் இல்லாவிட்டாலும் எழுதுங்கள், வந்த பிறகு எழுத முடியாது. பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் இருவரும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் உலகம் முழுக்கப் பயன்படுகிறது, ஒரே பக்கம்தான். மோசமாகப் போகிறது என்பதற்கு எனக்கு என்ன அடையாளம். தனியாக நான் செய்யக்கூடியது எது. மனதைத் திருப்ப எங்கே போகலாம், யாரோடு இருக்கலாம். யாரிடம் உதவி கேட்கலாம். எந்த மருத்துவர், எந்த எண். கடைசியாக, ஆபத்தான பொருட்களை எப்படி எட்டாமல் வைப்பது. இந்தக் கடைசியை முதலில் செய்யுங்கள். வீட்டில் சேர்ந்திருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து, வேறு எதுவாக இருந்தாலும் இன்றைக்கே இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். தற்கொலை உந்துதல் பலருக்குக் குறுகிய நேரம்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்புகிறது, தப்பியவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பின்னால் தற்கொலையால் இறப்பதில்லை.

பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: நேரடியாகக் கேளுங்கள், "சாகணும்னு தோணுதா?" என்று. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி நடப்பதில்லை. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள்.

தெளிகிறபோது

தூக்கமும் பசியும் பெரும்பாலும் முதலில் சரியாகும், மனம் பின்னால்தான் வரும், நடுவில் மோசமான நாட்களும் வரும். முதல் தடவை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது மறுபடியும் வருகிறது, ஆகவே நன்றாக இருக்கிற ஒரு நாளில் உட்கார்ந்து, ஆரம்பத்தில் சொன்ன, தெளிவாக இருக்கும்போது எழுதிவைக்கிற அந்தத் தாளை எடுங்கள். இந்தத் தடவை முதலில் மாறியது எது, இரண்டாவது எது, எது உதவியது, எந்த மாத்திரை எந்த அளவில் ஒத்துக்கொண்டது, யார் கூப்பிட்டபோது போனை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். முதல் இரண்டு அடையாளங்களை அந்த ஒரு ஆளிடமும் கொடுத்து, இதைப் பார்த்தால் என்னிடம் கேட்காமலேயே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடு என்று சொல்லி வையுங்கள்.